ஓடும் செலவு யாருடைய கணக்கு?

தமிழ்நாட்டில் 18 வயது முதல் 23 வயது வரை உள்ளவர்களின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம் என்கிறது 2021–22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு. நாடு முழுமைக்கும் அது 28.4 சதவீதம்தான். இந்த இடைவெளிக்குப் பின்னால் பல தலைமுறைகளின் உழைப்பு இருக்கிறது. அதில் பெருமைப்படுவது நியாயமே. ஆனால் அதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. தமிழ்நாட்டிலும்கூட பாதிக்கு மேற்பட்ட இளைஞர்கள் கல்லூரிக்கு வெளியே நிற்கிறார்கள். அவர்களுக்கு என்ன பயிற்சி கிடைக்கிறது, அதற்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்பதைத் திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருச்சியைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் உயர்கல்வி நிறுவனங்கள் இவ்வளவு அடர்ந்திருக்கும் ஊர்கள் குறைவு. 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் இங்கே இடம்பெயர்ந்த தூய வளனார் கல்லூரி, 1919இல் தோன்றிய தேசியக் கல்லூரி, 1964இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய இன்றைய என்.ஐ.டி., 1982இன் பாரதிதாசன் பல்கலைக்கழகம் என்று வரிசை நீளும். 2011இல் ஐ.ஐ.எம். வந்தது. 2013ஆம் ஆண்டை ஒட்டித் தேசியச் சட்டப் பள்ளி, ஐ.ஐ.ஐ.டி., சேதுராப்பட்டியில் ஸ்ரீரங்கம் அரசுப் பொறியியல் கல்லூரி ஆகிய மூன்றும் வந்தன. இத்தனையும் மேல்தட்டில் நிகழ்ந்த விரிவாக்கம். பத்தாம் வகுப்பில் தவறியவருக்கு, பன்னிரண்டாம் வகுப்போடு நின்று பகலில் வேலைக்குப் போகிறவருக்கு, திருமணத்துக்குப் பிறகு தொழில் கற்க நினைக்கும் பெண்ணுக்கு இந்த வரிசையில் கதவு ஏதும் இல்லை. ஐ.டி.ஐ.க்கள் இருக்கின்றன; நல்ல வேலையும் செய்கின்றன. ஆனால் அவை பகல்நேர நிறுவனங்கள். கூலியை விட்டுவிட்டு ஓராண்டோ ஈராண்டோ உட்கார முடியாதவருக்குப் பயிற்சி இலவசமாகவே இருந்தாலும் எட்டாத தொலைவில்தான் இருக்கிறது.

முன்பு இந்த நகரத்துத் தொழிலாளி எங்கே பயின்றார்? வேலை செய்த இடத்திலேயே பயின்றார். நாகப்பட்டினத்திலிருந்து 1928இல் பொன்மலைக்கு வந்த ரயில்வே பணிமனை தன் ஆட்களைத் தானே உருவாக்கிக்கொண்டது. 1960களின் நடுவில் திருவெறும்பூரில் பெல் கொதிகலன் ஆலையும், அதைத் தொடர்ந்து துப்பாக்கித் தொழிற்சாலையும் வந்தன. அவற்றிலும் அப்ரண்டிஸ் பயிற்சி, பயிற்சிக்கூடம், பயிற்றுநர் எல்லாம் நிறுவனத்தின் செலவிலேயே நடந்தன. 1975இல் பெல் வளாகத்தில் அமைந்த வெல்டிங் ஆராய்ச்சி நிலையம், பற்றவைப்புத் தொழிலில் நாட்டுக்கே வழிகாட்டியது. பயிற்சி என்பது அப்போது தனிச் செலவாகத் தெரியவில்லை. நிரந்தர வேலைக்குள் அது கரைந்திருந்தது. முப்பது ஆண்டு தன்னிடமே இருக்கப்போகிற ஆளுக்கு இரண்டு ஆண்டு செலவழிக்க எந்த நிர்வாகமும் தயங்காது.

அந்த ஏற்பாடு தளர்ந்துவிட்டது. நேரடி ஆளெடுப்பு சுருங்கி, வேலை ஒப்பந்தக்காரர்களிடமும் பெல்லைச் சுற்றி முளைத்த நூற்றுக்கணக்கான ஃபேப்ரிகேஷன் யூனிட்டுகளிடமும் போனது. சிறு யூனிட் நடத்துபவர் ஒரு பையனுக்கு வெல்டிங் கற்றுக்கொடுத்தால், கை பழகியதும் அவன் ஸ்ரீபெரும்புதூருக்கோ ஷார்ஜாவுக்கோ போய்விடுவான். போகக் கூடாதென்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அவன் போவதே அவன் குடும்பத்துக்கு நல்லது. ஆனால் செலவழித்தவருக்கு ஒன்றும் மிஞ்சாது. அதனால் பக்கத்து யூனிட் பயிற்றுவிக்கட்டும், பயின்ற ஆளை நாம் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொருவரும் காத்திருக்கிறார்கள். நிரந்தர வேலை குறைந்தபோது பயிற்சிச் செலவும் யாருடைய கணக்கிலும் இல்லாமல் போனது என்பதே திருச்சியின் இந்த அரை நூற்றாண்டுக் கதையில் நான் காணும் மையம். வேலைக்குப் போகிறவரும் படிப்பைப் பாதியில் விட்டவரும் குறுகிய காலத்தில் தொழில் கற்கக்கூடிய சமுதாயக் கல்லூரியின் தேவை இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

அந்தக் கருத்து நமக்குப் புதிதல்ல. 1978–79இலேயே மத்திய அரசு சமுதாயப் பாலிடெக்னிக் திட்டத்தைத் தொடங்கி, பாலிடெக்னிக்குகள் வழியாகச் சுற்றுவட்டார மக்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி கொடுத்தது. 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இந்தியாவின் முதல் சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு சென்னை–மயிலை உயர்மறை மாவட்டம் சென்னையில் இன்னொரு கல்லூரியைத் தொடங்கியது. சேசு சபையின் அருள்தந்தை சேவியர் அல்போன்ஸ் 1999 முதல் அதை ஓர் இயக்கமாகவே வளர்த்தார். படிப்பைப் பாதியில் விட்டவர்களைச் சேர்த்து, முதலில் வாழ்க்கைத் திறன், பிறகு தொழில்திறன், அதன்பின் ஒரு நிறுவனத்தில் நேரடிப் பயிற்சி என்ற அமைப்பு அந்த இயக்கத்தின் கொடை. தோற்றவன் என்று முத்திரை குத்தப்பட்டவனிடம் முதலில் தன்னம்பிக்கையை மீட்க வேண்டும் என்று அவர்கள் கண்டது எந்த அரசுத் திட்டத்தைவிடவும் ஆழமான புரிதல் என்பேன். 2002இல் உருவான தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இத்தகைய கல்லூரிகளுக்கு ஏற்பளித்துச் சான்றிதழுக்கு மதிப்புக் கொடுத்தது.

பிறகு டெல்லி வந்தது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோ 2009இல் சமுதாயக் கல்லூரித் திட்டத்தைத் தொடங்கி, நாடெங்கும் நூற்றுக்கணக்கான நிறுவனங்களுக்கு மளமளவென்று அனுமதி கொடுத்தது. 2012இல் நிறுத்தியும் வைத்தது. நம்பிச் சேர்ந்த மாணவர் நடுவழியில் நின்றார். 2013இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் திட்டம் வந்தது. ஏற்கெனவே இயங்கும் கல்லூரிகளுக்குள்ளேயே சான்றிதழ், பட்டயப் படிப்புகளை நடத்தலாம். பொதுக்கல்வி 40 பங்கு, தொழில்திறன் 60 பங்கு. படித்தவரை மேலே தொடரலாம். அதே ஆண்டு டிசம்பரில் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பும் அறிவிக்கப்பட்டது. காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல முடியாத அமைப்பு. ஆனால் பணம் 12ஆவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தோடு கட்டப்பட்டிருந்தது. 2017 மார்ச்சோடு அந்தத் திட்டக் காலம் முடிந்தது. ஐந்தாண்டுத் திட்டம் என்ற ஏற்பாடே அத்தோடு முடிந்தது. நீட்டிப்புகளுக்குப் பிறகு, மானியமில்லாமல் சொந்தக் காலில் நடத்திக்கொள்ளுங்கள் என்ற நிலைக்கே பல படிப்புகள் வந்து சேர்ந்தன.

இந்த வரலாறு முழுவதிலும் ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வருகிறது. தொடங்குவதற்குப் பணம் இருந்தது, நடத்துவதற்கு இல்லை.

நடத்துவதன் செலவு என்ன என்பதை வெல்டிங் பயிற்சியைக் கொண்டு விளக்குகிறேன். திருச்சிக்கு அதைவிடப் பொருத்தமான தொழில் இல்லை. கொதிகலனின் உயர் அழுத்தக் குழாயை யார் வேண்டுமானாலும் பற்றவைத்துவிட முடியாது. இந்தியக் கொதிகலன் ஒழுங்குமுறைகளின்படி தேர்வு எழுதித் தேறிய வெல்டர்தான் தொட வேண்டும். வளைகுடாவுக்கு ஆளெடுப்பவர்கள் வைக்கும் டிரேட் டெஸ்டிலும் 6ஜி நிலையே அளவுகோல். குழாயைச் சாய்வாக நிலைநிறுத்தி, அதைத் திருப்பாமலே சுற்றிச் சுற்றிப் பற்றவைக்க வேண்டும். முதலில் ஆர்கான் வெல்டிங்கில் ரூட், பிறகு நிரப்பு, கடைசியில் கேப்பிங். முடித்த ஜாயின்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். ரூட்டில் ஊசிமுனையளவு துளை இருந்தாலும் தோல்வி.

இந்தக் கை ஒரு நாளில் வராது. ஒவ்வொரு பயிற்சிக்கும் குழாயை வெட்டி விளிம்பைச் சரித்துக் கொடுக்க வேண்டும். ஒருமுறை பற்றவைத்த துண்டு அப்படியே பழைய இரும்புக்குப் போகும். ஆர்கான் வாயு தீரும். ஈரம் ஏறாமல் எலெக்ட்ரோடுகளைச் சூடேற்றி வைக்கும் அடுப்புக்கும் இயந்திரத்துக்கும் மின்கட்டணம் ஓடும். பக்கத்தில் நின்று கையின் கோணத்தைத் திருத்தும் ஆசான் ஒரு வேளைக்குப் பத்துப் பதினைந்து பேருக்கு மேல் பார்க்க முடியாது. ஆகவே வெல்டிங் கூடத்தில் இயந்திரத்தின் விலை சிறிய செலவு; இரும்பும் வாயுவும் ஆசானின் சம்பளமுமே பெரிய செலவு. நம் நிதி ஏற்பாடோ தலைகீழாக இருக்கிறது. இயந்திரம் வாங்கத் திறப்புவிழாவோடு பணம் வருகிறது. மூன்றாம் ஆண்டில் எலெக்ட்ரோடு வாங்கப் பணமில்லாதபோது, பத்துப் பேருக்கு ஓர் ஆள் செய்து காட்டுவதோடு பயிற்சி முடிந்துவிடுகிறது. பார்த்துத் தெரிந்துகொண்டவர் டிரேட் டெஸ்டில் நிற்க முடியாது.

அண்மைக்காலப் பெருந்திட்டங்களும் இந்தப் பக்கமே சாய்ந்திருக்கின்றன. தமிழ்நாடு அரசு 71 அரசு ஐ.டி.ஐ.க்களை டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து ஏறத்தாழ 2,877 கோடி ரூபாயில் தொழில் 4.0 தரத்துக்கு உயர்த்தியது. மத்திய அரசு 2025இல் 1,000 ஐ.டி.ஐ.க்களை மேம்படுத்த 60,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. இரண்டும் தேவையானவை, முதலாவதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் ரோபோ கையும் சி.என்.சி. இயந்திரமும் நிற்கும் அதே கூடத்தை மாலை ஆறு மணிக்குத் திறந்து வைக்க ஒரு பயிற்றுநரும் ஒரு காவலாளியும் ஆண்டு முழுவதுக்கும் மூலப்பொருளும் வேண்டும். விரிவாக்கம் என்ற சொல்லுக்கு அதுதான் பொருளாக இருக்க வேண்டும்.

சரி, பணத்துக்கு எங்கே போவது?

மாணவரின் கட்டணத்தைக் கொண்டு நடத்தலாம் என்பது முதல் விடை. தனியார் பயிற்சி மையங்கள் அப்படித்தான் நடக்கின்றன. விளைவு, செலவு குறைந்த படிப்புகளே பெருகுகின்றன. கணினி, டேலி, தையல், அழகுக்கலை எல்லா ஊரிலும் கிடைக்கும்; 6ஜி வெல்டிங் கிடைக்காது. யாருக்காகக் கல்லூரி தொடங்குகிறோமோ அவரால் உண்மைச் செலவைக் கட்ட முடியாது என்பதால், கட்டணத்தின் பங்கு பெயரளவுக்கு மேல் போகக் கூடாது.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி இரண்டாவது. 2013இன் கம்பெனிச் சட்டம் பெரிய நிறுவனங்களை லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிடச் சொல்கிறது. தொழில்திறன் பயிற்சியும் அதன் பட்டியலில் உண்டு. ஆனால் அந்த 2 சதவீதம் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்திலிருந்து கணக்கிடப்படுவது. பெல் நிறுவனம் 2015–16இலும், பிறகு 2019–20, 2020–21 ஆண்டுகளிலும் நட்டம் கண்டது. அனல்மின் ஆர்டர்கள் வற்றித் திருவெறும்பூர் யூனிட்டுகள் வேலையில்லாமல் கிடந்த காலத்தில்தான் தொழிலாளருக்கு மறுபயிற்சி மிகத் தேவைப்பட்டது. லாபத்தைச் சார்ந்த நிதியோ அப்போதுதான் வற்றும். இதை நம்பிக் கட்டடத்துக்கு ஒரு மாடி எழுப்பலாம், ஆசிரியரை நியமிக்க முடியாது.

மூன்றாவது, முதலாளிகள் அனைவரும் சம்பளப் பட்டியலின் ஒரு சிறு விகிதத்தைப் பொது நிதியில் கட்டுவது. பிரேசில் 1942இல் தொடங்கிய செனாய் என்ற பயிற்சி அமைப்பைத் தொழிலகச் சம்பளத்தில் 1 சதவீதம் வசூலித்து நடத்துகிறது. சிங்கப்பூர் 1979 முதல் திறன் மேம்பாட்டுத் தீர்வை வசூலிக்கிறது. இன்று அது மாதச் சம்பளத்தில் 0.25 சதவீதம், வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் சேர்த்து. திருச்சியிலிருந்து விமானம் ஏறிப்போன தொழிலாளியின் பெயரில் சிங்கப்பூர் முதலாளி அந்த நாட்டின் பயிற்சி நிதிக்குப் பணம் கட்டுகிறார். அவரை உருவாக்கிய ஊருக்கு அப்படி ஒரு நிதியே இல்லை. பயிற்றுவிப்பவர் ஏமாளியாகும் நிலைமைக்கு இந்தத் தீர்வைதான் நேரான மருந்து. பயிற்சி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் கட்ட வேண்டும் என்றால், கொடுப்பதே லாபமாகும். இந்தியாவில் தொழிற்பயிற்சி பற்றி ஆராய மத்திய அரசு அமைத்த சாரதா பிரசாத் குழுவும் இதையொத்த தொழில்துறைப் பங்களிப்பைப் பரிந்துரைத்தது. அது கிடப்பில் இருக்கிறது. முழுத் தீர்வைக்கு மத்தியச் சட்டம் வேண்டும். ஆனால் ஒரு பகுதி நம் கையிலேயே இருக்கிறது. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்த ஏற்பாட்டின்படி கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நல வரியாக வசூலாகிறது. கொத்தனார், கம்பி கட்டுபவர், எலெக்ட்ரீஷியன், பிளம்பர் ஆகியோருக்கான மாலைநேரப் படிப்புகளின் ஓடும் செலவை நல வாரியத்தின் நிதியிலிருந்து நிலையான பங்காகப் பெறலாம். பயிற்சி நாளுக்கு இழப்புக் கூலியும் தரலாம்.

நான்காவது வழியில் சற்று நின்று பேச விரும்புகிறேன். அது உள்ளூர் வரி. அமெரிக்காவில் 1901இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் ஊரில் தொடங்கிய சமுதாயக் கல்லூரிகள் இன்று ஆயிரத்தை ஒட்டியிருக்கின்றன. பல மாநிலங்களில் வட்டாரச் சொத்து வரியின் ஒரு பங்கு நேராகக் கல்லூரிக்குப் போகிறது. ஊரார் பணம் என்பதால் ஊராரே நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். புதிய ஆலை வந்தால் அதற்கேற்ற படிப்பை உடனே தொடங்க முடிகிறது. இதற்கும் குறைகள் உண்டு. பணக்கார வட்டாரத்துக் கல்லூரி செழிக்கும், ஏழை வட்டாரத்துக் கல்லூரி திணறும். 1978இல் கலிஃபோர்னியா மக்கள் வாக்கெடுப்பின் மூலம் சொத்து வரியைக் கட்டுப்படுத்தியபோது, கல்லூரிகளின் பணமும் அதிகாரமும் மாநிலத் தலைநகருக்கு நகர்ந்தன. டென்னசி 2014இல் லாட்டரி வருமானத்தைக் கொண்டு கட்டணமில்லாப் படிப்பைக் கொண்டுவந்தது. 2003இலேயே லாட்டரியை ஒழித்த தமிழ்நாட்டுக்கு அந்த வழி வேண்டாம்.

உள்ளூர் வரியில் கல்வி நிறுவனம் நடத்துவது நம் மண்ணுக்குப் புதிதல்ல. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் கனவு கண்டு, அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்தபோது 1948இல் நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டம் செய்தது அதைத்தான். சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கும் நூலக வரி இன்று ரூபாய்க்குப் பத்துக் காசு. அந்தச் சிறு தொகைதான் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக மாவட்ட மைய நூலகம் முதல் கிளை நூலகம் வரை விளக்கெரிய வைத்திருக்கிறது. ஆட்சிகள் மாறின, திட்டக் கமிஷன் போனது, நூலக வரி மட்டும் நிலைத்து நின்றது. வசூலித்த உள்ளாட்சிகள் நூலகத் துறைக்குப் பணத்தைக் கொடுக்காமல் நிலுவை வைப்பது அதன் பழைய நோய். புதிய வரி ஏதும் போட்டால் அது உள்ளாட்சிக் கஜானாவைத் தொடாமல் தனிக் கணக்குக்குப் போகும்படி சட்டத்திலேயே எழுத வேண்டும். ரூபாய்க்கு இரண்டு காசு தொழிற்கல்வி வரி, அதற்கு இணையான தொகையை மாநில அரசின் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திலிருந்து கொடுத்தல், வருமானம் குறைந்த ஊராட்சிப் பகுதிகளுக்கு மாநிலப் பங்கு இரு மடங்கு: என் பரிந்துரை இதுதான். சொத்து வரி உயர்வால் மக்கள் ஏற்கெனவே சுமையோடு இருக்கிறார்கள் என்பதை அறிவேன். அந்த இரண்டு காசில் தன் வார்டிலிருந்து யார் படித்தார்கள் என்று ஆண்டுதோறும் பெயர்ப்பலகையில் எழுதிவைத்தால் மக்கள் தருவார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

கொடுக்கும் பணத்தை எதன் அடிப்படையில் கொடுப்பது என்பதும் முக்கியம். தலைக்கு இவ்வளவு என்றால் பெயர்ப்பட்டியல் மட்டும் நிறையும். குறுகிய காலப் பயிற்சித் திட்டங்களில் அதைப் பார்த்துவிட்டோம். டெக்சாஸ் 2023இல் சட்டத்தை மாற்றி, சேர்க்கையை விட்டுவிட்டுத் தேர்ச்சியையும் மேற்படிப்புக்கு மாறியதையும் வைத்து நிதி கொடுக்கத் தொடங்கியது. அதிலும் ஓர் ஆபத்து: எளிதில் தேறக்கூடியவரை மட்டும் கல்லூரி சேர்த்துக்கொள்ளும். பத்தாம் வகுப்பு தவறியவர், முப்பது வயது கடந்த பெண், மாற்றுத்திறனாளி ஆகியோரின் தேர்ச்சிக்குக் கூடுதல் எடை கொடுத்தால்தான் அந்த முறை நம் நோக்கத்துக்கு உதவும்.

பணத்தைப் போலவே, என்ன கற்பிப்பது என்பதையும் ஊருக்கேற்ப முடிவுசெய்ய வேண்டும். ஸ்ரீரங்கத்தின் தேவை திருவெறும்பூரின் தேவை அல்ல. 1994இல் மாநகராட்சியோடு இணையும் வரை தனி நகராட்சியாக இருந்த இந்தத் தீவு நகரத்துக்கு ஓய்வுக்காலத்தைக் கழிக்க வருபவர்கள் ஏராளம். பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் உத்தர வீதியிலோ சித்திரை வீதியிலோ அடுக்குமாடியில். அவர்களைப் பார்த்துக்கொள்ள வரும் பெண்களில் பெரும்பாலோர் எந்தப் பயிற்சியும் பெறாதவர்கள். படுக்கைப்புண் வராமல் திருப்பிப் படுக்கவைப்பது, சர்க்கரை அளவு குறைந்ததை அடையாளம் காண்பது, மறதி நோயாளியிடம் பேசுவது எல்லாம் கற்றுத் தேற வேண்டியவை. சான்றிதழ் பெற்ற பராமரிப்பாளருக்குக் கூலி உயரும், பேரம் பேசும் பலம் வரும். இந்தப் படிப்புக்கு விலையுயர்ந்த இயந்திரம் வேண்டாம். அரசு மருத்துவமனையோடு ஓர் ஒப்பந்தமும், செவிலியர் ஒருவரின் மேற்பார்வையும், பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் பத்து மணி முதல் இரண்டு மணி வரையிலான நேரமும் போதும். கோயிலுக்கு வரும் கூட்டத்தை நம்பி வாழும் விடுதிகளுக்கும் சமையற்கூடங்களுக்கும் ஆள் தேவை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்போதே தொடங்க வேண்டிய அவசரமும் இருக்கிறது. பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019 ஜனவரியில் திருச்சியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. அதன் ஐந்து முனைகளில் இந்நகரும் ஒன்று. ஜாபில் நிறுவனம் இங்கே 2,000 கோடி ரூபாயில் மின்னணு ஆலை அமைக்க 2024 செப்டம்பரில் ஒப்பந்தம் செய்தது; 5,000 பேருக்கு வேலை என்பது அறிவிப்பு. உள்ளூரில் பயின்றவர்கள் இல்லையென்றால் அந்த வேலைகள் வெளியூருக்குப் போகும், நம்மவருக்கு ஏற்றியிறக்கும் வேலை மிஞ்சும்.

கடைசியாக ஒரு தடை. இதற்குப் பணம்கூட வேண்டாம். கல்லூரியில் கற்பிக்க முதுகலைப் பட்டமும் நெட் தேர்வும் கேட்கும் விதிகளின் பழக்கத்தில், கைத்தொழில் ஆசானுக்கும் பட்டம் தேடுகிறோம். பெல், பொன்மலை, துப்பாக்கித் தொழிற்சாலை மூன்றிலிருந்தும் ஆண்டுதோறும் ஓய்வுபெறும் வெல்டர்கள், ஃபிட்டர்கள், டர்னர்கள் காட்டூரிலும் அரியமங்கலத்திலும் பொன்மலைப்பட்டியிலும் வசிக்கிறார்கள். முப்பது ஆண்டு அனுபவத்தைத் தகுதியாக ஏற்று, தொகுப்பூதியமாக இல்லாமல் மணிக்கணக்கில் நியாயமான ஊதியம் நிர்ணயித்து, தொழில் ஆசான் என்ற பதவியைத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் விதிகளில் சேர்த்தால், அடுத்த கல்வியாண்டிலேயே மாலை வகுப்பைத் தொடங்க ஆள் தயாராக இருக்கிறார்கள்.